கணினியின் தலைவாசலும் கட்டற்ற மென்பொருளும்



கணினியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் திரையில் தெரிவதைப் பற்றியே எழுதுகின்றனர். எழுத்துருக்கள், உலாவிகள், விளையாட்டுகள், செயலிகள் என்று அப்பட்டியல் நீளும். மின்விசையை அழுத்திய நொடிக்கும் திரையில் முதல் படம் தோன்றும் நொடிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், நாம் விலை கொடுத்து வாங்கிய ஒரு கணினி நம்முடையதா, பிறருடையதா என்பது அந்தச் சில நொடிகளில்தான் முடிவாகிறது. ஆகவே, அந்தத் தலைவாசலைப் பற்றியும், கட்டற்ற இயங்குதளங்கள் அதன் வழியே நுழைவதற்குப் பட்ட பாட்டைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதனுள் 'பயாஸ்' எனப்படும் ஒரு சிறு நிலைப்பொருள் பதிக்கப்பட்டிருந்தது. நிலைப்பொருள் என்பது கணினியின் தாய்ப்பலகையிலேயே நிலையாகக் குடியிருக்கும் மென்பொருள். கணினிக்கு உயிர் வந்தவுடன் முதலில் விழிப்பது அதுதான். நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து நினைவகத்தில் வைத்து, "இனி உன் பொறுப்பு" என்று ஒதுங்கிக்கொள்ளும். வன்தட்டுகள் வந்தபின் அந்த 512 பைட்டுகளில் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு 64 பைட்டும், முத்திரைக்கு 2 பைட்டும் போய்விட்டன. இயங்குதளத்தை எழுப்பும் கட்டளைகளுக்கு எஞ்சியவை 446 பைட்டுகள் மட்டுமே.

446 பைட்டு என்றால் எவ்வளவு? தமிழாசிரியன் கணக்கில் சொல்கிறேன். இன்று இணையத்தில் வழங்கும் யு.டி.எஃப்.-8 ஒருங்குறி முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு இடம் கொள்ளும். அவ்வாறு எழுதினால், அந்த இடத்தில் ஏறத்தாழ மூன்று குறட்பாக்களே கொள்ளும். அவ்வளவு சிறிய திண்ணையில் அமர்ந்துகொண்டுதான் ஒரு முழு இயங்குதளத்தையும் வீட்டிற்குள் அழைத்துவர வேண்டும். 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் இந்த முறையில்தான் இயங்கியது என்பது வியப்புக்குரியது.

ஆனால் வீடு பெருத்துக்கொண்டே போனது. வாசல் மட்டும் அப்படியே இருந்தது. செயலிகள் 64 பிட்டுக்கு வளர்ந்த பின்னும் பயாஸ் 16 பிட்டு முறையிலேயே விழித்தது. பழைய பிரிவு அட்டவணை ஓர் இடத்தை 32 பிட்டு எண்ணால் குறித்ததால், ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டை அதனால் முழுமையாக ஆள இயலவில்லை. முதன்மைப் பிரிவுகளும் நான்குக்குமேல் இல்லை.

இதற்கு மாற்றாக, 1990களின் நடுப்பகுதியில் இன்டெல் நிறுவனம் தன் இட்டானியம் கணினிகளுக்கென ஒரு புதிய ஏற்பாட்டை வகுக்கத் தொடங்கியது. அதுவே ஈ.எஃப்.ஐ. எனப் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் கூடிய ஓர் அமைப்பிடம் அது ஒப்படைக்கப்பட்டு, யு.இ.எஃப்.ஐ. என்னும் பொதுத்தரமாயிற்று. 2006இல் வெளிவந்த இன்டெல் செயலியுள்ள மேக் கணினிகள் ஈ.எஃப்.ஐ. கொண்டே விழித்தன. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது புதுக்கணினிகள் பெரும்பாலானவற்றில் யு.இ.எஃப்.ஐ. குடியேறியது.

புதிய முறையில் 446 பைட்டு நெருக்கடி இல்லை. வட்டில் தனியே ஒரு சிறு பிரிவு ஒதுக்கப்படுகிறது. அதற்குள் சாதாரணக் கோப்பாகவே துவக்கநிரல் வைக்கப்படுகிறது. நிலைப்பொருளே கோப்புகளைப் படிக்கத் தெரிந்துகொண்டதால், குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடி எடுத்து இயக்குகிறது. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது அல்லவா? "அப்படியானால் கட்டற்ற இயங்குதளங்களும் ஒரு கோப்பை எழுதி அங்கே வைத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். இங்குதான் பலரும் உண்மை நிலையை அறியாதிருக்கின்றனர்.

எடுத்துக்காட்டாக, ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். லினக்ஸைப்போல் பரவலாகப் பேசப்படாவிட்டாலும், 1993 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வரும் உறுதியான இயங்குதளம் அது. இட்டானியம் கணினிகளுக்கென ஈ.எஃப்.ஐ. துவக்கநிரலை அவர்கள் முன்னரே எழுதியிருந்தனர். இருந்தும், நாம் அன்றாடம் பயன்படுத்தும் 64 பிட்டுக் கணினிகளுக்கு அந்த ஆதரவு முறையாக வெளிவந்தது 2014 நவம்பரில், 10.1ஆம் பதிப்பில்தான். ஏன் இந்தக் காலத்தாழ்வு?

காரணங்கள் பல. பழைய துவக்கநிரல் ஒவ்வொரு செயலுக்கும் பயாஸைத்தான் கேட்டது. வட்டைப் படிக்கவும், எழுத்தைக் காட்டவும், நினைவகத்தில் எந்தெந்தப் பகுதி காலியாக உள்ளது என்று அறியவும் பயாஸே துணை. யு.இ.எஃப்.ஐ. கணினியில் அந்தத் துணை இல்லை. நினைவக வரைபடம் வேறு வடிவில் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொண்டு, "உன் பணி முடிந்தது, நீ போகலாம்" என்று நிலைப்பொருளுக்கு விடைகொடுக்க வேண்டும். வரைபடத்தை வாங்கியதற்கும் விடைகொடுப்பதற்கும் இடையில் நினைவகத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் நிலைப்பொருள் விடைபெற மறுத்துவிடும். புதிய வரைபடத்தை மறுபடியும் வாங்க வேண்டும். விடைகொடுத்த பிறகோ, வட்டைப் படித்துத் தரும்படி அதனைக் கேட்க இயலாது. ஆற்றைக் கடந்தபின் பாலத்தை நாமே அகற்றிவிடுவதற்கு ஒப்பானது இது.

மற்றொரு சிக்கல் திரையில் எழுந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் பழைய முனையம், பயாஸ் காலத்து எழுத்துத்திரை உண்டு என்னும் நம்பிக்கையில் எழுதப்பட்டது. யு.இ.எஃப்.ஐ. தருவதோ வெறும் புள்ளிகளாலான படத்திரை. எழுத்து வேண்டுமாயின் ஒவ்வோர் எழுத்தையும் நாமே வரைந்துகொள்ள வேண்டும். எனவே, கணினி விழித்தாலும் விழித்ததைக் காட்டும் வழி இல்லை. இதற்காக முனையத்தையே புதிதாக எழுத வேண்டியதாயிற்று. புதிய முனையத்தினால் ஒரு நன்மையும் விளைந்தது: இலத்தீன் அல்லாத எழுத்துகளையும் காட்டும் ஒருங்குறி ஆதரவு அதனுடன் வந்து சேர்ந்தது. வாசலைச் சீர்செய்யப் போனவர்கள் கூடத்தையும் புதுப்பிக்க நேர்ந்தது எனலாம்.

இப்பணி வெறும் ஓய்வுநேர ஆர்வத்தால் நிறைவேறியதன்று. ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளை நன்கொடைப் பணத்தைக் கொண்டு, பென்னோ ரைஸ் என்னும் நிரலாளரின் யு.இ.எஃப்.ஐ. பணிக்கு ஆதரவளித்தது. எட் மாஸ்டே முதலியோர் அதனை முதன்மைத் தொகுப்பில் இணைத்துச் செப்பனிட்டனர். அப்படியும் பணி முடியவில்லை. இசட்.எஃப்.எஸ். கோப்புமுறை கொண்ட வட்டிலிருந்து யு.இ.எஃப்.ஐ. வழியே விழிக்கும் வசதி 2016இல் 10.3ஆம் பதிப்பில்தான் வந்தது. ஓபன்பிஎஸ்டிக்கு 2016இல் 5.9ஆம் பதிப்பிலும், நெட்பிஎஸ்டிக்கு 2018இல் 8.0 பதிப்பிலும் இவ்வாதரவு கிடைத்தது. ஒரு வாசலைக் கடக்க இத்தனை ஆண்டுகள்!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. "யு.இ.எஃப்.ஐ. பெருநிறுவனங்கள் வகுத்த ஏற்பாடு. அளவில் பெரியது, பிழைகள் மலிந்தது. விடுதலையைப் போற்றும் இயங்குதளங்கள் அதற்கு ஏன் பணிய வேண்டும்?" என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் சிலர் கேட்டனர், இன்றும் கேட்கின்றனர். அவர்களின் குறை முற்றும் பொய்யன்று. 2013இல் சில சாம்சங் மடிக்கணினிகளில் லினக்ஸை யு.இ.எஃப்.ஐ. வழியே இயக்கியபோது, நிலைப்பொருள் மீள எழாமல் கணினியே வெறும் கல்லாகிப் போனதுண்டு. 2023இன் இறுதியில், கணினி விழிக்கையில் காட்டும் சின்னப்படத்தின் வழியாகவே நிலைப்பொருளுக்குள் தீநிரலைப் புகுத்த முடியும் என்று ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பெரிய வாசல் என்றால் திருடனுக்கும் அது பெரியதுதான்.

எனினும், வாசலை மறுப்பது தீர்வாகாது என்பதே என் உறுதியான கருத்து. பழைய பயாஸைப்போல் நடிக்கும் இணக்கப்பகுதியை 2020க்குள் தன் தளங்களிலிருந்து நீக்கிவிடப் போவதாக இன்டெல் 2017இலேயே அறிவித்தது. அதன்பின் வந்த கணினிகள் பலவற்றில் பழைய வாசலே கிடையாது. உரிமத்தில் எவ்வளவு விடுதலை எழுதப்பட்டிருந்தாலும், கணினியில் விழிக்கவே முடியாத இயங்குதளத்தால் யாருக்கு என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. விடுதலை என்பது பயன்படுத்தக்கூடியதாக இருந்தால்தான் விடுதலை. ஆகவே, ஃப்ரீபிஎஸ்டி அன்பர்கள் அந்த ஆண்டுகளில் பட்ட பாடு பணிவும் அன்று, சரணும் அன்று. அது தம் பயனரைக் கைவிடாத கடமை.

இவ்விடத்தில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். யு.இ.எஃப்.ஐ. வேறு, 'பாதுகாப்புத் துவக்கம்' எனப்படும் செக்யூர் பூட் வேறு. முன்னது வாசல். பின்னது அந்த வாசலில் நிற்கும் காவலர். துவக்கநிரலில் நம்பகமான மின்கையொப்பம் இருந்தால் மட்டுமே காவலர் உள்ளே விடுவார். காவலர் வேண்டவே வேண்டாம் என்று நான் வாதிட வரவில்லை. இயங்குதளத்திற்கு முன்னரே விழித்துக்கொண்டு அதனை ஏமாற்றும் தீநிரல்கள் இருக்கின்றன. 2023இல் வெளிச்சத்துக்கு வந்த பிளாக்லோட்டஸ், பாதுகாப்புத் துவக்கத்தையே ஏய்த்து நுழைந்தது. காவல் தேவைதான். கேள்வி ஒன்றே ஒன்று: காவலர் யாருடைய சொல்லைக் கேட்கிறார்?

சந்தையில் விற்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருப்பவை மைக்ரோசாஃப்டின் திறவுகோல்கள். 2012இல் விண்டோஸ் 8க்குச் சான்று பெற வேண்டுமாயின் பாதுகாப்புத் துவக்கம் இயங்கும் நிலையிலேயே கணினி விற்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இதனைக் 'கட்டுப்படுத்தப்பட்ட துவக்கம்' என்று பெயரிட்டுக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2011இலேயே எதிர்ப்புக் குரல் எழுப்பியது. அக்குரல்களின் பயனாக, சாதாரணக் கணினிகளில் உரிமையாளர் அக்காவலை நிறுத்திவைக்கும் வசதி இருக்க வேண்டும் என்பதும் விதியில் இடம்பெற்றது. ஆயின், விண்டோஸ் ஆர்டி பலகைக் கணினிகளுக்கு அந்த வசதி மறுக்கப்பட்டது. விளைவு என்ன? விண்டோஸ் ஆர்டிக்கான ஆதரவு 2023இல் முடிந்தது. அப்பலகைகளில் வேறோர் இயங்குதளத்தை முறையாக நிறுவ உரிமையாளருக்கு வழி தரப்படவில்லை. திறவுகோல் நம் கையில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

லினக்ஸ் உலகம் இதற்கு ஒரு நடுவழி கண்டது. மேத்யூ காரெட் என்பார் முன்னின்று 'ஷிம்' என்னும் ஒரு சிறு இடைநிரலை உருவாக்கினார். மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற அந்த இடைநிரல், முதலில் காவலரைக் கடந்து செல்லும். பின்னர், தன்னுள் பொதிந்துள்ள ஃபெடோரா அல்லது உபுண்டு முதலியவற்றின் திறவுகோலைக் கொண்டு அடுத்த நிரலைச் சோதித்து எழுப்பும். கணினியின் உரிமையாளர் தம் சொந்தத் திறவுகோலைப் பதிந்துகொள்ளவும் அதில் வழியுண்டு. 2012 அக்டோபரில் உபுண்டு 12.10உம், 2013 சனவரியில் ஃபெடோரா 18உம் இவ்வழியில் வெளிவந்தன. புதியவர்கள் அமைப்புப் பக்கங்களைத் துழாவாமலேயே லினக்ஸை நிறுவ முடிந்தது. ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகியவற்றை நிறுவுவோர் பொதுவாகப் பாதுகாப்புத் துவக்கத்தை நிறுத்திவிட்டே நிறுவ வேண்டியுள்ளது.

இந்த நடுவழியை நான் வரவேற்கிறேன். ஆனால் அதிலேயே நிறைவடைந்துவிடக் கூடாது. 2022இல் சில உயர்பாதுகாப்பு மடிக்கணினிகள், மைக்ரோசாஃப்ட் பிறருக்கு இடும் கையொப்பத்தை ஏற்காத நிலையிலேயே விற்பனைக்கு வந்தன. அமைப்புப் பக்கத்துக்குச் சென்று உரிமையாளர் அதனை இயக்கினால்தான் லினக்ஸ் நுழையும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, விண்டோஸும் லினக்ஸும் இணைந்திருந்த கணினிகள் சிலவற்றில் லினக்ஸை எழவிடாமல் தடுத்துவிட்டது. மேலும், 2011இல் உருவாக்கப்பட்ட அந்தக் கையொப்பச் சான்றிதழ்களின் காலவரை 2026 சூன் முதல் முடிவடைவதாகக் குறிக்கப்பட்டுள்ளது. முன்பே கையொப்பம் பெற்ற நிரல்கள் அதனால் உடனே நின்றுவிடப் போவதில்லை. ஆயினும், இனிவரும் நிரல்கள் 2023ஆம் ஆண்டின் புதிய சான்றிதழால் கையொப்பமிடப்படும்போது, அப்புதிய சான்றிதழைப் பெறாத பழைய கணினிகள் அவற்றை அடையாளம் காணமாட்டா. உற்பத்தியாளர் கைவிட்ட கணினியின் உரிமையாளர் என்ன செய்வார்? சான்றிதழைத் தாமே பதிய வேண்டும். அல்லது காவலை நிறுத்த வேண்டும். இரண்டில் ஒன்றுக்காவது அவருக்கு உரிமையும் அறிவும் இருந்தாக வேண்டும்.

இவ்வளவையும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஏன் எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாத கணினிகள், நன்றாக இயங்கிக்கொண்டிருந்தாலும், பல அலுவலகங்களிலிருந்து வெளியேறுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி 2012க்கும் 2017க்கும் இடையில் பிறந்தவை, யு.இ.எஃப்.ஐ. வாசல் உடையவை. அவற்றை ஏற்று, லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களை நிறுவி, மாணவர்கள் தட்டச்சு பழகவும் நிரலாக்கம் கற்கவும் பயன்படுத்தலாம். அன்று புதிய வாசலுக்காக உழைத்தவர்களின் பயன், இன்று பழையனவாகிப் போன இக்கணினிகளில்தான் மிகுதியாகத் தெரிகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கு இவ்வாறு சில கணினிகள் அன்பளிப்பாக வந்தன. வழங்கியோர் நல்லெண்ணத்துடனேயே வழங்கினர். வட்டுகளைத் துடைத்துத் தூய்மையாகவே கொடுத்தனர். ஆனால், நிலைப்பொருளின் அமைப்புப் பக்கத்துக்கு எப்போதோ கடவுச்சொல் இட்டிருந்தனர். அதை அறிந்த பணியாளர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். விரலியிலிருந்து துவக்கவும் இயலவில்லை. அமைப்பை மாற்றவும் இயலவில்லை. செயலி நலம், நினைவகம் நலம், திரை நலம்; வாசல் மட்டும் பூட்டியிருந்தது. மாணவர்கள் அவற்றைத் தொட்டுப் பார்த்தார்கள், பயன்படுத்தவில்லை. கொடுப்பதும் ஓர் அறமே. திறவுகோலோடு கொடுத்தால்தான் அவ்வறம் நிறைவுறும்.

எனவே, பள்ளி நிருவாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் கணினிகளை வாங்கும்போதோ ஏற்கும்போதோ மூன்று வினாக்களைக் கேட்டாக வேண்டும். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் நீக்கப்பட்டுவிட்டதா? பாதுகாப்புத் துவக்கத்தை நிறுத்தவும் மீண்டும் இயக்கவும் முடிகிறதா? விண்டோஸ் அல்லாத இயங்குதளங்களுக்கான சான்றிதழ் ஏற்கப்படுகிறதா? ஒரு லினக்ஸ் விரலியைச் செருகிப் பார்த்தால், சில மணித்துளிகளில் இம்மூன்றுக்கும் விடை தெரிந்துவிடும்.

கட்டற்ற மென்பொருளை உருவாக்குவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய வாசலைத் திறந்த மகிழ்ச்சியில் பழைய வாசலை அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்துவிடாதீர்கள். 2022இல் ஃபெடோரா திட்டத்தில், பழைய பயாஸ் கணினிகளில் புதிதாக நிறுவும் ஆதரவைக் கைவிடலாம் என்று முன்மொழியப்பட்டது. பலர் மறுப்புரைத்ததால் அது ஏற்கப்படவில்லை. முன்மொழிந்தோரின் நியாயமும் புரிந்துகொள்ளத்தக்கதே; இரு வாசல்களையும் பேணுவது இரட்டை வேலை. சோதிக்க ஆளில்லாத நிரலைச் சுமந்துகொண்டே இருக்கவும் முடியாது. ஆனாலும், பழைய கணினிகளை வைத்திருப்போர் பெரும்பாலும் புதியது வாங்க இயலாதவர்கள். அவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்தான் கடைசிக் கதவு. அதை அடைக்கும் நாள் என்றேனும் வரத்தான் செய்யும். அந்த நாளைப் பல ஆண்டுகள் முன்னதாக அறிவித்து, படிப்படியாகச் செய்வதே முறை.

அவ்வாறு இரு வாசல்களையும் பேண ஆள் வேண்டும். ஆளுக்குப் பொருள் வேண்டும். அழகிய திரைப்படங்களும் சின்னங்களும் உள்ள பணிக்குப் பாராட்டு கிடைக்கும். வாசற்படியைச் செதுக்கியவனை எவரும் நினைப்பதில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் இது நிறைவேறியதற்குக் காரணம், யாரோ சிலர் நன்கொடை தந்தனர். ஓர் அறக்கட்டளை அதைக் கண்ணுக்குத் தெரியாத பணிக்குச் செலவிட்டது. ஆண்டுதோறும் இலவயமாக இயங்குதளங்களைப் பதிவிறக்கிப் பயன்படுத்தும் நாமும், இயன்ற சிறு தொகையையோ, பழைய கணினிகளில் சோதித்துப் பிழை தெரிவிக்கும் உழைப்பையோ திருப்பித் தரலாம்.

நம் மாணவர்களுக்குக் கணினியை இயக்கக் கற்றுத் தருகிறோம். அந்தக் கணினி யார் சொல்லைக் கேட்டு விழிக்கிறது என்பதையும் சேர்த்தே கற்றுத் தருவோம். அதை அறிந்த பிள்ளை நாளை ஒரு கணினியை வாங்கும்போது, விலையை மட்டுமன்றித் திறவுகோலையும் கேட்டு வாங்கும்.

சிந்திப்போம், செயற்படுவோம்.